நீலப்பூ போட்ட கோப்பை

என் பீரோவில் சேலைகளைவிடக் கிறிஸ்தவக் குடும்ப நாவல்கள்தான் அதிகம். நம் ஊர்ப் பெண்கள் பேனா பிடிக்கத் தொடங்கிய காலத்தில் போதகர்களின் மனைவிமாரும் பள்ளிக்கூட ஆசிரியைகளும் எழுதிய நாவல்கள். பலவற்றின் அட்டையில் எழுதியவர் பெயரே இருக்காது. ‘ஓர் அம்மாள் இயற்றியது’ என்று மட்டும் போட்டிருக்கும். பெயர் இருந்தாலும் அது புருஷன் பெயராகத்தான் இருக்கும். விலை அணாவில் அச்சடித்திருக்கும். முதல் தாளில், ஓய்வுநாள் பள்ளிக்குத் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புரட்டினால் விரல் நுனியில் பொடி ஒட்டிக்கொள்ளும்.

கதை எல்லாம் ஒரே வார்ப்புதான். ஒரு நல்ல குடும்பம், சாயங்காலமானால் ஆர்மோனியம், அப்புறம் ஜெபம். குடிக்கிற அப்பா பாதிக் கதையில் மனம் திரும்பிவிடுவார். காலரா வரும். இருப்பவர்களிலேயே நல்லவள் ஒருத்தி சாவாள். சாகும்போதுகூட ஒரு ஞானப்பாட்டை முழுசாகப் பாடிவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். நான் கிண்டலடித்துக்கொண்டே படிப்பேன், அந்த இடம் வந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கையில் புத்தகம் இருக்கும். “இன்னாக்கா, இன்னிக்கு யாரு செத்தாங்க?” என்று பின்சீட்டிலிருந்து கேட்பார்கள். “பெரிய பொண்ணு. நுமோனியா” என்று நானும் சொல்வேன்.

இத்தனையும் சேர்த்தேனே தவிர, நான் தேடியது ஒரே ஒரு புத்தகத்தைத்தான். அதிலும் ஒரே ஒரு இடத்தை. மற்றவை அதைத் தேடிப் போன வழியில் வந்து சேர்ந்தவை.

எங்கள் வேதக்கோயிலில் மாதர் சங்கம் சனிக்கிழமை மத்தியானங்களில் கூடும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவே நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற தெரு. பண்ணைக்காரர் வீட்டு வேலைதான் எல்லாருக்கும். அந்தப் பெண்கள் அன்று மட்டும் சீக்கிரம் கரையேறி, குளித்து, கோயில் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுவார்கள். அவர்களில் எழுத்துத் தெரிந்தவள் என் அம்மா ஒருத்திதான். எட்டாவது வரை போனவள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து சங்கத்துப் புத்தகத்தை வாசிப்பாள். சங்கத்துக்கு இருந்ததே ஒரு கதைப் புத்தகம்தான். அது முடிந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்கள். யாரும் அலுத்துக்கொண்டதில்லை.

அந்தக் கதையில் ஒரு டாக்டர் வீடு. அந்த வீட்டுக் கொல்லையைக் கூட்ட ஒருத்தி வருவாள். ஒரு நாள் நல்ல மழை. நனைந்துபோய் பின்வாசலில் நிற்பாள். வீட்டு எஜமானியம்மாள் அவளைப் பார்த்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, தாங்கள் சாப்பிடுகிற மேசையில் உட்கார வைப்பாள். தன்னுடைய நீலப்பூ போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள். அவள் முதலில் குடிக்க மாட்டாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருப்பாள். சூடு உள்ளங்கையில் ஏறும். அப்புறம் ஒரு வாய் குடிப்பாள். அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கும். எஜமானியம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி கொடுத்துக் கலக்கச் சொல்வாள்.

இந்த இடம் வந்தால் கூடை பின்னுகிற கையெல்லாம் நின்றுவிடும். அத்தனை பேரும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். “இன்னொரு வாட்டி படிக்கா” என்பார்கள். அம்மாவும் படிப்பாள்.

அப்படி அழுதவர்களில் ஒருத்தி அம்மாவின் தோழி. நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். பண்ணைக்காரர் வீட்டில் வேலை முடிந்ததும் இவர்களுக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்க வைத்துக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றுவது வழக்கம். ஒரு திங்கட்கிழமை சின்னம்மா கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். “டம்ளர்ல குடுத்தா குடிக்கிறேன்” என்றாளாம். பண்ணைக்கார அம்மாள், யார் சொல்லிக் கொடுத்த திமிர் இது என்று கேட்டிருக்கிறார். “நானா சொல்லல. புக்ல போட்டுக்குது. அச்சடிச்சிக்குது. மேசைல ஒக்கார வச்சி பீங்கான் கப்புல குடுத்தாங்க” என்று பதில் சொல்லியிருக்கிறாள் சின்னம்மா. அன்றோடு வேலை போயிற்று. கொஞ்ச காலம் அந்த வீடு பட்டினி கிடந்தது. பிறகு புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் கேன்டீன் வேலைக்குப் போனாள். அவள் பின்னாலேயே ஒவ்வொருத்தராகத் தெருவே போயிற்று. இன்று எங்கள் தெருவில் வயல் வேலைக்குப் போகிறவர் யாரும் இல்லை. எல்லார் கழுத்திலும் கம்பெனி அட்டை தொங்குகிறது.

ஒரு நாவல் இதைச் செய்தது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். எவளோ ஒரு போதகர் மனைவி, அந்தக் காலத்திலேயே, துணிந்து எழுதியிருக்கிறாள் என்று.

சங்கத்துப் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டதாக அம்மா சொல்லியிருந்தாள். அதனால் வேறு பிரதி தேடினேன். பிற்காலத்து மறுபதிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்தன. ஒன்றிலும் அந்த இடம் இல்லை. தேநீர் மட்டுமல்ல, கொல்லை கூட்டுகிறவளே இல்லை. அதிகாரம் மழையோடு தொடங்கும், உடனே டாக்டர் வண்டியில் வந்து இறங்கிவிடுவார். யாரோ சாதித்திமிர் பிடித்த பாவி அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டான் என்று எனக்கு வயிறு எரிந்தது. முதல் பதிப்பைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பும்போதெல்லாம், “உனுக்கு வேற பொயப்பே இல்லியா” என்று எழுந்து போய்விடுவாள்.

இந்த வருடம் மாதர் சங்கத்துக்குப் பவள விழா. கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். விழா ஆராதனையில் அந்த அதிகாரத்தை நான் வாசிக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள். முன்வரிசையில் சின்னம்மா. “அத்தக் கேட்டுட்டு நான் போய்ச் சேர்ந்தா போதும்” என்றாள். நான் கண்டிப்பாகக் கண்டுபிடிக்கிறேன் என்று எல்லார் எதிரிலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிற பாய் எனக்குப் பழக்கம். பழவேற்காட்டுக்காரர். அட்டை மில்லுக்குப் போகிற மூட்டைகளில் சிலுவைப் படம் போட்டது எது வந்தாலும் எனக்கு எடுத்து வைத்துவிடுவார். விழாவுக்கு முந்தின நாள் போன் செய்தார்.

“யம்மா, உங்க கோயிலு பீரோவக் காலி பண்ணி ஒரு மூட்ட வந்துக்குது. பூரா பாட்டு புக்கு. அடியில ஒண்ணு நீங்க சொல்ற மாறியே கீது. சீக்கிரம் வாங்க, லோடு கிளம்பிடும். அப்பால என்னக் குத்தம் சொல்லாதீங்க.”

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். வெள்ளையடிப்பதற்காகக் கோயில் பீரோவைக் காலி செய்தவர்கள், பழசு என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிட்டிருக்கிறார்கள். பவள விழா கொண்டாடுகிற லட்சணம்! பாய் துடைத்து நீட்டினார். ஊதா மையில் மாதர் சங்கத்து முத்திரை. வெள்ளத்தில் போனதாகச் சொன்ன அதே புத்தகம். தண்ணீர் பட்ட அடையாளமே அதில் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மழை அதிகாரத்துக்குப் புரட்டினேன். அந்த இடத்தில் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓரம் வரை, பொறுமையாக, சுருக்கமே இல்லாமல். பாய் விளக்கில் காட்டிப் பார்த்தார். “யாரோ பசை போட்டுக்கீறாங்க. மைதாதான். ஆவியில காட்டுனா வந்துடும், கிழிச்சிடாதீங்க” என்றார்.

சரிதான், இதற்குள்தான் இருக்கிறாள் என் கொல்லை கூட்டுகிறவள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷேர் ஆட்டோவில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைக் கண்டதும் கை நின்றது.

“இத்த எங்கடி புடிச்ச?”

“பாய் கடையில. வெள்ளத்துல போச்சுன்னியேம்மா?”

“போயே இருந்திருக்கலாம்.”

நான் சிரித்தேன். ஒட்டிய தாளை ஆவியில் காட்டினேன். அம்மா எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள். “வாணாம்டி. ஒட்டுனது ஒட்டுனதாவே இருக்கட்டும். சொன்னாக் கேளு.” அவளுடைய வயதுக்கு அந்தப் பிடி அதிகம். ஆனால் பசை அதற்குள் இளகிவிட்டது. தாள் தானாகவே வாய் திறந்தது.

நின்றபடியே படித்தேன்.

கொல்லை கூட்டுகிறவள் இருந்தாள். மழையும் இருந்தது. நனைந்துபோய் நின்றாள். ஆனால் எஜமானியம்மாள் அவள் கையைப் பிடிக்கவில்லை. தள்ளிப் போய் மதிலோரம் நிற்கச் சொல்கிறாள். மிஞ்சிய கஞ்சியை உயரத்திலிருந்து இலையில் ஊற்றுகிறாள், ஒரு சொட்டு தன் மேல் தெறிக்காமல். சின்ன மகள் கேட்கிறாள், ஆண்டவர் முன்னால் எல்லாரும் ஒன்றுதானே அம்மா என்று. ஆத்துமா ஒன்றுதான் மகளே, வீடுதான் வேறு வேறு என்கிறாள் தாய். மகள் புரிந்துகொண்டு, வராந்தாவில் முழங்கால் படியிட்டு, மழையில் நிற்பவளுடைய ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறாள். இப்பேர்ப்பட்ட தயாள குணமுள்ள தாயைப் பெற்ற பிள்ளை பாக்கியசாலி என்று நூலாசிரியை உருகியிருக்கிறாள்.

எங்கள் சாதிப் பெயர் அந்தப் பக்கம் முழுக்க இருந்தது. வசவாகக்கூட இல்லை. மரம், மாடு, மழை என்று எழுதுவது மாதிரி எழுதியிருந்தாள். அவளிடம் வீசிய நாற்றத்தைப் பற்றி மட்டும் ஒரு நீளமான வாக்கியம்.

பின்னால் தேநீர் வருமோ என்று அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். டாக்டர் வண்டியில் வந்து இறங்கினார். அவ்வளவுதான். மறுபதிப்பில் எவனோ வெட்டி எறிந்தது எங்கள் தேநீரை இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இதை எடுத்திருக்கிறார்கள். தேநீர் எந்தப் பதிப்பிலும் இருந்ததே இல்லை.

“அப்போ நீ படிச்சது?” என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். “படிக்க சொல்லோ கண்ணு ஒரு வரி முன்னால போவும் இல்ல? போய்ப் பாத்துட்டேன். அந்தப் பொம்பளய இன்னான்னு எழுதிக்கீதுன்னு பாத்துட்டேன். நிமுந்தா எல்லாரும் என் வாயவே பாத்துக்கினு கீறாங்க. உன் சின்னம்மா கூடையக் கீழ வச்சிட்டா. நான் இன்னாத்தடி படிப்பேன்? வாயில வந்தத சொன்னேன்.”

“அத்தனை வருசமுமா?”

“திரும்பவும் படின்றாங்களே. மாத்திச் சொன்னா கண்டுபுடிச்சிடுவாங்க இல்ல? மாடு கழுவ சொல்லோ, தண்ணி இறைக்க சொல்லோ சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன்.”

“ஒட்டினது எதுக்கு?”

“நீ எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்ட. கிறிஸ்மஸ் தோரணம் ஒட்டுன பசை மீந்துது.”

நான் பீரோவைத் திறந்து, மற்றப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் புரட்டினேன். இதிலும் இருந்தது. அதிலும் இருந்தது. ஆர்மோனியம் வாசிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பின்வாசல், அங்கே பெயரில்லாமல் ஒருத்தி. இவர்களை எல்லாம் நான் எப்படிப் பார்க்காமல் போனேன்? நான் எப்போதும் முன்வாசல் வழியாகவே உள்ளே போயிருக்கிறேன், மூத்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

“நாளைக்கு இத்தப் படிக்காத” என்றாள் அம்மா. “நீ கேட்டுக்கினு இருந்த கதை உனுக்கு மனப்பாடம். அத்தச் சொல்லு. உன் சின்னம்மா தாங்க மாட்டா. அந்த ஒரு பக்கத்த நம்பித்தான் அவ வேலைய உட்டுட்டு வந்தா.”

எழுதினவள் மேல் வந்த ஆத்திரத்தில் பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது. சின்னம்மாவை நினைத்தால் பொய்யே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் மட்டும் போனேன். அம்மா சொன்னபடியே செய்வது என்று வழியில்தான் முடிவு செய்தேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனப்பாடத்தைச் சொல்லிவிட வேண்டியது. யாருக்குத் தெரியப் போகிறது?

வாசலில் சின்னம்மா வெள்ளைச் சேலையில் காத்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாப்பா, இத்த எழுதன அம்மா பேரு இன்னா? தெனம் ஜெபத்துல ‘டீ குடுத்த அம்மா’ன்னே சொல்லி ஸ்தோத்திரம் பண்ணிக்கினு கீறேன். பேரு சொல்லிச் சொல்லணும்னு ஆச. எழுதிக் குடு, என் பேத்தி படிச்சிக் காட்டுவா.”

இத்தனை வருடங்களாக, ஒவ்வொரு நாளும், அந்தப் பெண்பிள்ளைக்கு நன்றி. கஞ்சியை உயரத்திலிருந்து ஊற்ற வைத்தவளுக்கு! மாடு கழுவிக்கொண்டே அந்தக் கதையை வாயால் கட்டியெழுப்பியவள் வீட்டில் அரிசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது.

என் முறை வந்ததும் முன்னால் போய் நின்றேன். அச்சில் இருந்ததை வாசித்தேன். சாதிப் பெயரை விழுங்கவில்லை. நாற்றத்தைப் பற்றிய வாக்கியத்தையும் விடவில்லை. என் கண் ஒரு வரி முன்னால் ஓடி ஓடித் திரும்பியது. முன்வரிசையில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அன்று என்ன பாடுபட்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போதகர் எழுந்து மைக்கை அணைக்கலாமா என்று பார்த்து, திரும்ப உட்கார்ந்தார்.

“புக்ல இருக்கிறது இவ்வளவுதான்” என்றேன். “டீ குடுத்தது இத எழுதன அம்மா இல்ல. எங்க அம்மா.”

அப்போதுதான் கவனித்தேன், கடைசி பெஞ்சில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்றவள் எப்போது வந்தாளோ.

சின்னம்மா எழுந்தாள். நடுவழியே பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து நடந்து அம்மாவிடம் போனாள். அடிக்கப் போகிறாள் என்றுகூட நினைத்தேன்.

“ஏன்க்கா, அந்த நீலப்பூ போட்ட கப்பு? அதுகூட நீயா கட்டுனதா?”

“அது நெசம்” என்றாள் அம்மா. “கண்ணாலத்துக்கு முன்ன திருவள்ளூர்ல ஒரு டீச்சரம்மா ஊட்ல பாத்திரம் தேச்சிக்கினு இருந்தேன். வேதக்காரங்க ஊடுதான். சாயங்காலமானா ஜெபம், பாட்டு, பொட்டி வாசிப்பாங்க. அந்தக் கப்பத் தெனம் கழுவிக் கவுத்து வப்பேன். கையில புடிச்சா எப்டி இருக்கும்னு நல்லாத் தெரியும்.”

“உனுக்கு அதுல டீ குடுத்தாங்களா?”

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். “எனுக்குப் பின்னாடி, கொட்டாங்குச்சியில. அதுல குடிச்சா எப்டி இருக்கும்னு தெரியாது. அத்த மட்டும்தான் நானா சொன்னேன்.”

அம்மா இப்படி ஒரு வீட்டில் வேலை செய்தாள் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு நாளும் சொன்னதில்லை. ஆர்மோனியமும் ஜெபமும் உள்ள அந்த வீட்டைத்தான் நான் புத்தகம் புத்தகமாகத் தேடிப்பிடித்து, பூச்சி அரிக்காமல் வசம்பு போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அதன் பின்வாசலில் நின்றது என் அம்மா. கையில் புத்தகத்தோடு நான் அங்கேயே நின்றேன்.

சின்னம்மா, அம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, அந்தக் கடைசி பெஞ்சிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.